ஏரி மனையான வரலாறு: மயிலாப்பூர் நெடிய ஏரியும் தென்சென்னையின் நீர்நில மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் வெள்ளத்தையும் வறட்சியையும் பற்றிய அண்மைக்கால உரையாடல்கள், மனிதத் தலையீட்டால் இயற்கை அழிந்தது என்னும் சட்டகத்துள்ளேயே பெரும்பாலும் அமைகின்றன. இக்கட்டுரை அச்சட்டகத்தை மறுபார்வைக்கு உட்படுத்துகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் நீர்நில வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, மறைந்துபோன ஏரியும் மனித உழைப்பின் ஆக்கமே என்பதை முதலில் விளக்குகிறது. 1920களில் நீரைத் தேக்கும் ஏற்பாடு ஒன்று விலக்கப்பட்டு, நீரை அகற்றும் ஏற்பாடு அதன் இடத்தில் நிறுவப்பட்டது என்பதை அடுத்துக் காட்டுகிறது. 'புறம்போக்கு', 'ஆக்கிரமிப்பு' ஆகிய சொற்கள் இம்மாற்றத்தின் சுமையை எவர்மீது ஏற்றுகின்றன என்பதை இறுதியாக ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: சூழலியல் வரலாறு, ஏரிப் பாசனம், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, புறம்போக்கு.

முன்னுரை

2015 டிசம்பர் முதல் நாளிலும் அதற்கடுத்த நாளிலும் அடையாற்றின் இரு கரைகளும் நீரில் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள ஏனைய ஏரிகளின் உபரியும் அதனோடு சேர்ந்துகொண்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நான்கு ஆண்டுகள் கழிந்து 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் ஏரி வெடித்த சேறாகக் கிடந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஆகியவற்றின் நிலையும் அதுவே. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் தொட்டிகளில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

ஒரே நகரம் நான்கு ஆண்டுகளுக்குள் நீரின் மிகுதியாலும் நீரின் இன்மையாலும் தவித்தமைக்கு மழையின் ஏற்ற இறக்கம் மட்டுமே காரணமாகாது. சென்னையின் ஆண்டு மழைப்பொழிவு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவினது. அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாள்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இத்தன்மை புதியதன்று. இதனை அறிந்தே இந்நிலப்பகுதியின் மக்கள் பல நூற்றாண்டுகளாக நிலத்தை வடிவமைத்து வந்துள்ளனர். அவ்வடிவம் எவ்வாறு அமைந்தது, எப்போது, எவரால், எக்காரணம் பற்றி மாற்றப்பட்டது என்பவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

இவ்வினாக்களை அணுகுவதற்கு நம் இலக்கண மரபிலேயே ஒரு தொடக்கம் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு திணையின் கருப்பொருள்களைக் கூறுமிடத்து மரம், விலங்கு, பறவை ஆகியவற்றோடு உணவையும் தொழிலையும் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மனிதர் செய்தவற்றை நிலத்திற்குப் புறம்பானவையாக அம்மரபு பிரிக்கவில்லை. மனிதரற்ற தூய இயற்கை முதலில் இருந்தது, பின்னர் அது கெட்டது என்னும் கதையைவிட, திணை என்னும் இக்கருத்து தென்சென்னையின் வரலாற்றுக்கு நெருக்கமாகப் பொருந்துகிறது.

1. ஏரி என்னும் ஆக்கம்

தொண்டை மண்டலத்தில் வற்றாத பேராறுகள் இல்லை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கடலைச் சேர்கிறது. இச்சரிவைப் பயன்படுத்தி, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறைவடிவில் மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரைத் தடுத்துத் தேக்குவதே ஏரி அமைப்பின் அடிப்படை. மதகு வழியாக நீர் வயலுக்குச் செல்லும். நிரம்பியபின் கலிங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகள் வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்தன. கோடைக்கு நீரைச் சேமித்தன. நிலத்தடி நீரையும் ஊறச்செய்தன.

இவ்வமைப்பு தானாக நிலைக்கக்கூடியதன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதாகும். எனவே ஏரியைக் காப்பதற்கான சமூக நிறுவனம் ஏரியோடு சேர்ந்தே உருவாயிற்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச் சபையின் வாரியங்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வண்டல் அகற்றுதல், கரை உயர்த்துதல் முதலிய பணிகளை ஊரார் கூடிச் செய்யும் வழக்கம் பிற்காலத்தில் குடிமராமத்து எனப் பெயர் பெற்றது.

கிழக்கிந்தியக் கம்பெனி செங்கற்பட்டுச் சீமையை நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்றபின், தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். அடுத்த தலைமுறையில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதே வருவாயைப் பெருக்கும் வழி எனக் கருதிச் செயல்பட்டார். ஏரியின் பயனைக் காலனிய ஆட்சி தொடக்கத்திலேயே நன்கறிந்திருந்தது என்பதற்கு இவை சான்றாகும். எனினும் நிலவரியைத் தனித்தனி உழவரோடு கணக்கிடும் முறை வலுப்பெற்றபோது, ஊர்ப்பொது உழைப்பின் அடித்தளம் தளர்ந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏரிக்கரை உடையும் நிலையில் ஊராரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு வழங்கிற்று. வழக்கமாக நடந்துவந்த ஒன்றைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த நேர்ந்தது என்பதே அவ்வழக்கம் தளர்ந்துவிட்டதைப் புலப்படுத்துகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஏரி சார்ந்த சமூகம் சமத்துவச் சமூகமாக இருந்ததில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் நிலவுரிமை காணியாட்சி பெற்ற மிராசுதாரரிடம் குவிந்திருந்தது. வண்டலைச் சுமந்தவரும் கரையைக் காத்தவரும் பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களது நிலையைச் செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக அளித்தார். அதன் தொடர்ச்சியாகவே பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை 1892இல் வெளியாயிற்று. தமிழக ஏரிப் பாசனத்தை ஆராய்ந்த டேவிட் மோஸ், நீர் மேலாண்மையை அதிகாரப் படிநிலையிலிருந்து பிரித்துக் காண இயலாது என வலியுறுத்துவதும் இதனாலேயே. இழந்த பொற்காலமாக ஏரியைப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட சமூக அமைப்பு, அதற்குரிய ஏற்றத்தாழ்வுகளோடு, பருவமழையைக் கையாளக் கண்ட வழிமுறை என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

2. மயிலாப்பூர்: கடற்கரையும் கால்வாயும்

மயிலாப்பூர் தொன்மையான கடற்கரை ஊர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் மலியார்பா என்னும் ஊரை மயிலாப்பூராக ஆய்வாளர் அடையாளம் காண்பர். ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம், மயிலையைப் புன்னை மரங்கள் செறிந்த கானலாகக் காட்டுகிறது. இன்றும் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னையே. நெய்தல் நிலத்தின் மரம் கோயிலின் உள்ளே தலமரமாக நிலைபெற, அது ஒருகாலத்தில் செறிந்திருந்த கானல் வெளியே மறைந்துபோனமை இந்நிலத்தின் மாற்றத்தைச் சுருங்க உணர்த்தும்.

19ஆம் நூற்றாண்டின் இரு பெரும் பணிகள் இக்கடற்கரையின் தன்மையை மாற்றின. முதலாவது, 1870களின் நடுப்பகுதியில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம். இக்கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. துறைமுகத்தின் கற்சுவர்கள் அந்நகர்வைத் தடுத்தன. தடைக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிப்புக்குள்ளாயிற்று. முன்பு புனித ஜார்ஜ் கோட்டையின் அருகில் அலையடித்த கடல், கிழக்கே வெகுதூரம் விலகிச் சென்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாச்சாலை அமைத்துப் புகழ்பெறச் செய்த மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பெருமளவு இத்துறைமுகத்தின் விளைபொருள். நகரமக்கள் இயற்கையின் கொடை எனக் கருதும் இடம் ஒரு பொறியியல் பணியின் எதிர்பாராத பக்கவிளைவாகும். தெற்கே கரை அகன்றதன் மறுபக்கமாக வடசென்னை மீனவர் தம் கரையை இழந்தனர் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இரண்டாவது, பக்கிங்காம் கால்வாய். சென்னைக்கு வடக்கே 1806 முதல் வெட்டப்பட்டு வந்த கால்வாயைத் தென்பகுதியோடு இணைக்கும்பொருட்டு, கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளப் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. அது தாது வருடப் பஞ்சத்தின் காலம். பஞ்ச நிவாரணப் பணியாகவே இவ்வேலை நடந்தது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. ரிச்சர்டு டெம்பிள் 1877இல் மாகாணத்தின் நிவாரணப் பணிகளுக்கு விதித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவாகக் கொண்டது. மயிலாப்பூருக்கும் கடலுக்கும் இடையே ஓடும் கால்வாய், பசித்த உடல்களின் உழைப்பால் உருவான நிலக்காட்சி எனலாம்.

1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப்பின் கால்வாயின் போக்குவரத்துப் பயன் பெரிதும் குன்றியது. 1990களில் பறக்கும் இரயில் பாதை கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வழியாகத் திருமயிலை வரை அமைந்தபோது, அதன் தூண்கள் கால்வாய்ப் படுகையிலேயே ஊன்றப்பட்டன. கடலை நோக்கி வடியும் மழைநீரைக் குறுக்கே ஏந்தி ஆறுகளுக்கு அனுப்பிய கால்வாய் ஒடுங்கிப் போயிற்று. இதிலும் ஒரு முறைமை தெரிகிறது. நீர்வழி ஒன்றின் முந்தைய பயன் மறைந்தவுடன், அது வெற்றிடமாகவும் விலையில்லா நிலமாகவும் கருதப்படுகிறது.

3. நெடிய ஏரியிலிருந்து தியாகராய நகர் வரை

இம்முறைமையின் மிகப்பெரிய எடுத்துக்காட்டு மயிலாப்பூருக்கு மேற்கே கிடைக்கிறது. ஆங்கில ஆவணங்கள் 'லாங் டேங்க்' எனக் குறித்த நெடிய ஏரி, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டையை நோக்கி, மவுண்ட் ரோடுக்கு மேற்கே வளைந்து கிடந்தது. வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி எனவும் தென்பகுதி மயிலாப்பூர் ஏரி எனவும் வழங்கின. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகர்களும் நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாறு ஆகிய ஊர்களில் பரந்த தோட்டவீடுகளை அமைத்தனர். ஊர்களின் வயல்கள் படிப்படியாக மாளிகைத் தோட்டங்களாயின. சென்னை ஒரே நகரமாக வளர்ந்ததன்று, பல ஊர்களின் தொகுப்பாகவே விரிந்தது என சூசன் நீல்டு எடுத்துரைக்கும் கருத்து இங்கு நினைவுகொள்ளத்தக்கது. ஏரி எஞ்சியது, ஏரியை நம்பிய பாசனம் தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் படகுப்போட்டி நடத்தும் நீர்ப்பரப்பாகவும் ஏரி பயன்பட்டது.

முதல் உலகப் போருக்குப்பின் நகரின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1921இல் ஏறத்தாழ 5.27 இலட்சமாக இருந்த எண்ணிக்கை 1931இல் 6.47 இலட்சமாயிற்று. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் நெருக்கடிக்குள்ளாயின. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சியின்போது, 1923 முதல் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் செயல்வடிவம் பெற்றது. நெடிய ஏரியின் தென்பகுதி வடிக்கப்பட்டது. நகர வரலாற்று நூல்கள் இத்திட்டத்தின் பரப்பை ஏறத்தாழ 1,600 ஏக்கர் எனக் குறிக்கின்றன. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரால் புதிய குடியிருப்பு தியாகராய நகர் ஆயிற்று. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து விரியும் அகன்ற சாலைகள், அளவெடுத்த மனைகள் எனத் திட்டமிட்ட நகர்ப்பகுதி எழுந்தது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார இரயில் ஓடத்தொடங்கியபின் அதன் வளர்ச்சி விரைந்தது. வடபகுதியின் முறை அடுத்து வந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் படுகையில் குடியிருப்புகள் அமைந்தன. எஞ்சிய இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

தெருப்பெயர்களை ஆவணமாகக் கொண்டு நோக்கினால் இம்மாற்றத்தின் இயல்பு மேலும் விளங்கும். உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, பனகல் பூங்கா, நடேசன் பூங்கா என நீதிக்கட்சியின் வரலாறு தியாகராய நகரின் வரைபடத்தில் எழுதப்பட்டுள்ளது. பார்ப்பனரல்லாத நடுத்தர வகுப்பின் அரசியல் எழுச்சி தனக்கென ஒரு நிலத்தை உருவாக்கிக்கொண்டதன் அடையாளம் அது. வரலாற்றில் அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்நிலத்தின் முந்தைய நிலையை மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை, நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலை முதலிய சில பெயர்களே உணர்த்துகின்றன. ஏரி என்னும் தமிழ்ச்சொல்கூட ஆங்கில வடிவிலேயே அங்கு எஞ்சியுள்ளது.

ஏரியைத் தூர்ப்பது அக்காலத்தில் எவருக்கும் மாற்றுக்கருத்தில்லாத ஒன்றாக இருந்தது எனக் கருதுவது பிழை. ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தம் நகரக் கண்காட்சியை 1915 தொடக்கத்தில் சென்னையில் நடத்தினார். அவர் முதலில் அனுப்பிய காட்சிப்பொருள்கள், வந்த கப்பலோடு எம்டனால் மூழ்கடிக்கப்பட்டமையால், புதிதாகத் திரட்டியவற்றைக் கொண்டே அக்கண்காட்சி நடந்தது. இந்திய நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளில், மலேரியா அச்சத்தால் குளங்களைத் தூர்ப்பதைத் தொடர்ந்து எதிர்த்தார். குளம் காற்றைக் குளிர்விக்கும், வெள்ளத்தை ஏற்கும், கொசுப்புழுவை மீனும் வாத்தும் உண்ணும் என்பவை அவரது வாதங்கள். அவரோடு இணைந்து பணியாற்றிய லான்செஸ்டர் 1918இல் சென்னையின் நகரமைப்பைப் பற்றி நூல் எழுதினார். அறிவு இல்லாமையால் ஏரி தூர்க்கப்படவில்லை. ஏரியின் பயனை எடுத்துரைத்த அறிவு அருகிலேயே இருந்தும், மனையின் மதிப்பு அதனினும் பெரிதாகக் கருதப்பட்டது.

நிலத்தின் சரிவு மட்டும் எந்தத் திட்டத்திற்கும் கட்டுப்படவில்லை. வள்ளுவர் கோட்டம் பகுதியிலிருந்து தியாகராய நகர் வழியாக நந்தனத்தில் அடையாற்றை அடையும் மாம்பலம் கால்வாய், பழைய ஏரியின் நெடுக்கத்தை ஏறத்தாழத் தழுவியே செல்கிறது. 2021 நவம்பர் 6ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. தியாகராய நகரின் தெருக்களில் பல நாள்கள் நீர் தேங்கிநின்றது. செய்திகள் அதனை வெள்ளம் புகுந்தது என எழுதின. நீரின் பக்கமிருந்து நோக்கினால், அது தன் பழைய படுகையில் தங்கியது.

இந்நிலை சென்னைக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ நகரம் அஸ்டெக் மக்கள் ஏரியின் நடுவே கரைகளும் தடுப்பணைகளும் கட்டி உருவாக்கிய தெனோச்தித்லான் மீது எழுந்தது. 1521இல் அதனைக் கைப்பற்றிய ஸ்பானியர் நீரோடு வாழும் அவ்வேற்பாட்டைப் பேணவில்லை. 1607இல் ஏரியை வடிக்கும் பெரும்பணி தொடங்கியது. 1629இன் வெள்ளம் நகரை ஐந்தாண்டுக் காலம் நீரில் வைத்தது. இன்று நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அந்நகரம் கீழிறங்கிக்கொண்டிருக்கிறது. குடிநீரைத் தொலைவிலிருந்து கொண்டுவருகிறது. ஜோலார்பேட்டை இரயிலை நினைவுகூர்வோர்க்கு இவ்வொப்புமை விளங்கும்.

4. அடையாறு: இரு கரைகள்

மாம்பலத்தின் நீர் சென்று சேரும் அடையாறு, சென்னையின் சூழல் வரலாற்றில் தனிநிலை உடையது. அதன் தென்கரையில் பசுமை அடர்ந்துள்ளது. பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882இல் ஹட்லஸ்டன் தோட்டத்தை வாங்கிப் பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை அங்கு அமைத்தனர். அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்ட நிலங்களால் அவ்வளாகம் விரிந்தது. அங்குள்ள பேராலமரத்தின் நடுத்தண்டு 1989இல் புயற்காற்றில் வீழ்ந்தும் விழுதுகள் நிலைத்துள்ளன. அருகில் ஆளுநரின் கிண்டி மாளிகையைச் சார்ந்த காடு, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்பசுமையும் வரலாற்றின் விளைவே. தனியுடைமையாகவோ ஆட்சியாளரின் வளாகமாகவோ இருந்தமையால் இந்நிலங்கள் மனைகளாகவில்லை.

கழிமுகத்தின் மறுகரையில் வேறொரு காட்சி. மேல்நிலத்து நீர்வரத்துக் குறைந்தமையாலும் கடல் கொண்டுவரும் மணலாலும் ஆற்றுவாய் கோடையில் அடைபடுகிறது. கழிவுநீர் தேங்குகிறது. அக்கரையோரங்களில் மீனவக் குப்பங்களும், நகரின் வீட்டுவேலை, கட்டுமானம், துப்புரவு ஆகியவற்றைத் தாங்கும் தொழிலாளரின் குடியிருப்புகளும் அமைந்தன. கட்டடக் கழிவும் குப்பையும் கொட்டப்பட்டு வந்த கழிமுகத்தின் ஒரு பகுதி, 58 ஏக்கர் பரப்பில் அடையாறு பூங்காவாக மீட்கப்பட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் திறக்கப்பட்டது. அலையாத்தி மரங்கள் நடப்பட்டன, பறவைகள் திரும்பின. ஈரநிலத்தை மீட்க இயலும் என்பதற்கு அது நல்ல சான்று.

2015 வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரையின் ஏழைக் குடியிருப்புகள் ஆக்கிரமிப்புகளாகக் கருதப்பட்டு அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தென்புறத்தில் பெரும்பாக்கம் முதலிய இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து அவர்கள் விலக நேர்ந்தது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலம். அச்சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஓர் ஈரநிலத்தைக் காக்கும்பொருட்டு அகற்றப்பட்ட மக்கள் மற்றோர் ஈரநிலத்தின் விளிம்பில் குடியமர்த்தப்பட்டனர்.

5. புறம்போக்கும் ஆக்கிரமிப்பும்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது இரு சொற்கள் முன்நிற்கின்றன. வருவாய்த்துறை வழக்கில் புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, பாதை ஆகியன அவ்வகையின. தனி ஒருவர்க்கு உரிமை இல்லாமை அந்நிலத்தின் பொதுமைக்கு அடையாளமாக இருந்தது. வரி தரும் நிலமே மதிப்புடையது என்னும் கண்ணோட்டம் வேரூன்றியபோது, அதே சொல் பயனற்றது என்னும் பொருளுக்கு நகர்ந்தது. இன்றைய பேச்சுவழக்கில் அது வசைச்சொல். 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்', எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து இப்பொருள் மாற்றத்தைப் பொதுவெளியில் பேசுபொருளாக்கியது.

இரண்டாவது சொல் ஆக்கிரமிப்பு. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், அரசின் பொறுப்பில் உள்ள ஏரிகளை அளந்து எல்லையிட்டுக் காக்க வழிவகுக்கிறது. அதன் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் ஆவணத்தில் ஏரியாக எஞ்சியிருப்பதை மட்டுமே எந்தச் சட்டமும் காக்க இயலும். 1923இல் ஏரியே திட்டத்தின் பெயரால் ஆவணத்திலிருந்து நீங்கிவிட்டது. ஆகவே ஏரிப்படுகையில் அமைந்த தியாகராய நகர் ஆக்கிரமிப்பு எனப்படுவதில்லை. ஆற்றங்கரையில் அமைந்த குடிசை அவ்வாறு எனப்படுகிறது. நீரின் நோக்கில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு, எவர் கையில் திட்டம் வகுக்கும் அதிகாரம் இருந்தது என்பதில் உள்ளது. தாழ்நிலத்தில் வாழ்வதன் இழப்பை இரு சாராரும் அடைகின்றனர். வீட்டை விட்டு வெளியேறும் தண்டனை ஒரு சாரார்க்கு மட்டுமே வாய்க்கிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. தென்சென்னையில் மறைந்த ஏரி இயற்கையாக அமைந்த நீர்நிலை அன்று. பருவமழையின் போக்கறிந்து, ஏற்றத்தாழ்வுடைய ஒரு சமூகம் தன் கூட்டுழைப்பால் ஆக்கிய அமைப்பு. எனவே அதன் மறைவை இயற்கையின் அழிவு எனக் கூறுவதினும், நீரைப் பற்றிய ஒரு சமூக உடன்பாட்டின் முறிவு எனக் கூறுவதே பொருந்தும்.

2. ஏரி, கால்வாய், கழிமுகம் ஆகிய மூன்றிலும் பழைய பயன் தேய்ந்த காலத்திலேயே பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. பயன்பாட்டோடு சேர்த்துப் பேணப்படாத நீர்நிலை, சட்டத்தால் மட்டும் நெடுங்காலம் நிலைக்காது.

3. மெரினாவின் மணலும் அடையாற்றின் பசுமையும் மனித வரலாற்றின் விளைவுகளே. பயன் ஓரிடத்தும் இழப்பு மற்றோரிடத்துமாக அவை பகிரப்பட்டுள்ளன. சூழலியல் வரலாறு இப்பகிர்வைக் கணக்கிலெடுக்க வேண்டும்.

4. ஆக்கிரமிப்பு என்னும் சொல், அரசின் திட்டத்தால் நிகழ்ந்த நீர்நில மாற்றங்களை மறைத்து, வறியோர் குடியிருப்புகளை மட்டும் முன்னிறுத்துகிறது. மீட்புத் திட்டங்கள் இச்சொல்லின் வரலாற்றை அறிந்து வகுக்கப்படுவது நீதியாகும்.

தியாகராய நகரை மீண்டும் ஏரியாக்க இயலாது. அது இக்கட்டுரையின் கோரிக்கையும் அன்று. அங்கு வாழ்வோரும் வணிகம் செய்வோரும் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் சென்றோரும் ஒரே நீர்ச்சங்கிலியின் கண்ணிகள் என்பதை ஏற்பதே முதற்படி. மாம்பலம் கால்வாயின் அகலத்தைக் காத்தல், எஞ்சிய குளங்களின் நீர்வரத்தைச் சீர்செய்தல், இடம்பெயர்ந்தோர்க்கு நகரின் உள்ளேயே இடம் தேடுதல் ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளின் பணிகளாகக் காணாமல் ஒரே வினாவின் பகுதிகளாகக் காணவேண்டும். செங்கற்பட்டுச் சீமையின் ஊர்க்கணக்குகள், நிலவரித் திட்ட ஆவணங்கள், கோயிற் கல்வெட்டுகள், தெருப்பெயர்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நகரின் மறைந்த ஏரிகள் ஒவ்வொன்றின் வரலாறும் எழுதப்படுமாயின், அவ்வினாவிற்கு விடைகாணத் தமிழியல் ஆய்வும் தன் பங்கை ஆற்ற இயலும்.